அடுக்குமாடிக்கும் அழகு வேண்டும்

என் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். நாங்கள் குடியிருக்கும் ஓட்டு வீட்டு வரிசையை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. "புறாக்கூண்டுல எப்படிடா குடியிருக்கறது? நீதான் சிவில் படிக்கிறியே, சொல்லு" என்று அம்மா கேட்டாங்க. அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு. 300 சதுர அடியில் 100 வீடுகளைத் தரையோடு தரையாகக் கட்டினால் 30,000 சதுர அடி இடம் போய்விடும். அதையே ஐந்து தளமாக அடுக்கினால், படிக்கட்டும் நடைவழியும் நீங்கலாக 6,000 சதுர அடி போதும். மீதி இடத்தில் மரம் வைக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம். ஆக, நெருக்கமாகக் கட்டுவது தப்பில்லை. அழகில்லாமல் கட்டுவதுதான் தப்பு.

அழகு என்றால் செலவு என்று நினைக்க வேண்டாம். இந்தூரில் உள்ள ஆரண்யா குடியிருப்பைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி 1980களில் வடிவமைத்தது. அடுக்குமாடி அல்ல, ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய நெருக்கமான வீடுகள். சுமார் 85 ஹெக்டேரில் 6,500 மனைகள். மிக ஏழைகளுக்கான மனை வெறும் 35 சதுர மீட்டர். அடித்தளம், கழிப்பறை, தண்ணீர் வசதி கொடுத்து, மீதியை அவரவர் கைக்குத் தகுந்தபடி கட்டிக்கொள்ள விட்டார்கள். வழிகாட்ட 80 மாதிரி வீடுகள் கட்டப்பட்டன. அவற்றில் பளிங்கு கிடையாது. தெருப்பக்கம் நம்ம ஊர் திண்ணை மாதிரி ஓர் இடம், வெளிப்படிக்கட்டு, சின்ன பால்கனி, அவ்வளவுதான். 1995-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது அதைத் தேடி வந்தது. 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரும் தோஷிதான்.

திண்ணை இருந்தால் சாயங்காலம் நாலு பேர் உட்காருவார்கள். உட்கார்ந்தால் தெருவுக்குக் காவல். படிக்கட்டில் வெளிச்சம் விழுந்தால் ராத்திரி வேலை முடிந்து வரும் பெண்ணுக்குப் பயமில்லை. "ஜன்னல எந்தப் பக்கம் வைக்கிறோம்ங்கறதுக்கு ஒரு மூட்டை சிமெண்ட்கூட அதிகம் ஆகாதுடா" என்று அப்பா சொல்லுவாரு.

அதனால் அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: "எத்தனை மாடின்னு கேக்காதம்மா. காத்து வருமா, படியில வெளிச்சம் இருக்குமா, வாசல்ல உக்கார இடம் இருக்கான்னு கேளு."

சக மாணவ நண்பர்களே, நாளை நாமும் பிளான் போடப் போகிறோம். எலிவேஷன் வரையும்போது, அதற்குள்ளே நம்ம அம்மா குடியிருக்கப் போறாங்க என்று நினைத்துக்கொண்டு கோடு போடுவோம்.

– இறுதியாண்டு மாணவர், சிவில் துறை