வரப்பில் நின்று ஒரு தலைவரை மதிப்பிடல்

ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் ஷுஹதாக்கள் தினம். நவம்பர் 27ஆம் திகதி திருக்கோவில் பிரதேசத்துக் கஞ்சிகுடிச்சாறு துயிலும் இல்லத்தில் மாவீரர் நாள். முன்னதை எமது கரையோரத்து முஸ்லிம் வீடுகளிலும் நினைக்கிறார்கள். பின்னதற்குத் தமிழ்த் தாய்மார் பூவும் எண்ணெயும் கொண்டு போகிறார்கள். ஒன்றில் அழுகிறவர் மற்றதில் அழுவதில்லை.

இவ்விரண்டு நாட்களுக்கும் நடுவில் நிற்கிற மனிதர் வேலுப்பிள்ளை பிரபாகரன். 1954இல் வல்வெட்டித்துறையில் பிறந்து, 2009 மே மாதத்தில் நந்திக்கடலோரம் முடிந்துபோனவர். அவரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் போரைக் கண்டதில்லை. அவர்கள் அவரைத் தொலைபேசித் திரையில் பார்த்து வளர்கிறார்கள். ஆலையடிவேம்பில் ஒரு பிள்ளைக்கு அவர் வீரர். அக்கரைப்பற்றில் மற்றப் பிள்ளைக்கு அவர் கொலையாளி. நாளை இருவரும் ஒரே வாய்க்கால் தண்ணீருக்காக ஒரே பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் அமர வேண்டியவர்கள். ஆகவே பேசுவதே நல்லது என்று நினைக்கிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழரின் கோபத்தைப் பிரபாகரன் உண்டாக்கவில்லை. அவர் இரண்டு வயதும் நிரம்பாத குழந்தையாக இருந்தபோதே, 1956 ஜூனில், கல்லோயாக் குடியேற்றத்தில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 1958, 1977, 1983 என்று அந்த வரிசை நீண்டது. எமது பக்கத்தில் 1986 பெப்ரவரி 19ஆம் திகதியை எவரும் மறக்கவில்லை. உடும்பன்குளத்தில் அறுவடைக்குப் போன தமிழ்க் கூலியாட்கள் எண்பது பேரளவில் படையினரால் கொல்லப்பட்டு, உடல்கள் எரிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஊரார் சொல்லும் எண்ணிக்கை இன்னும் பெரியது. கதிர் அறுக்கப் போன தகப்பன் திரும்பி வராத வீட்டில் வளர்ந்த பையன் துவக்கை ஏன் எடுத்தான் என்று எவரும் எமக்கு விளக்கத் தேவையில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் முஸ்லிம் இளைஞர்களும் தமிழ் இயக்கங்களில் சேர்ந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். இரண்டு பக்கத்திலும் இன்று அது பேசப்படுவதில்லை.

கோபம் நியாயமானது என்பதால் அதைத் தலைமை தாங்கியவர் செய்ததெல்லாம் நியாயமாகிவிடுமா? இங்கேதான் எமது மக்கள் இடறுகிறார்கள். போராட்டத்தின் நியாயம் மக்களுடையது. ஆயிரமாயிரம் பேர் பட்ட துன்பத்திலிருந்து வந்தது. அதைத் தனி ஒருவரின் பெயரில் உறுதி எழுதிக் கொடுக்க முடியாது.

ஒரு தலைவரை எதை வைத்து மதிப்பிடுவது? வேதாகமம் ஒரு வழி காட்டுகிறது. ஆகாப் அரசன் சிறிய போர்வீரன் அல்லன், சீரியரை வென்றவன். ஆனால் எலியா தீர்க்கதரிசி அவனிடம் கணக்குக் கேட்டது நாபோத் என்ற உழவனின் திராட்சைத் தோட்டத்துக்காக. தன் கைக்குள் அகப்பட்ட பலமற்ற ஒருவனை அரசன் என்ன செய்தான் என்பதே கேள்வி. குர்ஆனை ஓதும் எமது வாசகர்களுக்கும் இந்த அளவுகோல் அந்நியமாக இராது என்று நம்புகிறோம்.

அந்த அளவுகோலை 1990க்கு வைத்துப் பார்ப்போம். அவ்வாண்டு ஜூன் 11ஆம் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் புலிகளால் சூழப்பட்டன. சரணடையும்படி கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. ஆயுதத்தைக் கீழே வைத்த அறுநூறு பேரளவிலான பொலிஸாரை, பெரும்பாலும் சிங்களவரும் முஸ்லிம்களுமாகப் பிரித்தெடுத்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். திருக்கோவிலுக்கு அப்பால் உள்ள ரூபஸ்குளம் அந்தக் கதையோடு சேர்ந்த பெயர். அதே மாதம் இராணுவம் கல்முனைக்குள் வந்தபோது அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் தமிழ்ப் பொதுமக்கள். சுட்டவர்கள் அதற்குள் காட்டுக்குள் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர், சிறுவர்கள் உட்பட, முதுகில் சுடப்பட்டார்கள். ஒன்பது நாட்களுக்குள் ஏறாவூர். அம்பாறை வயல்களிலும் முஸ்லிம் உழவர்கள் கொல்லப்பட்டார்கள். உடனே பழிவாங்கல்: வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் அகதிகளாய் இருந்த தமிழரை ஊர்காவல் படையினர் வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் துரத்தப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம்.

"அதெல்லாம் கிழக்குத் தளபதிகள் செய்தது, தலைவருக்குத் தெரியாது" என்று சொல்வோர் உண்டு. இதை நாம் ஏற்பதற்கில்லை. புகைத்தலும் மதுவும் தடைசெய்யப்பட்ட இயக்கம் அது. துரோகச் சந்தேகத்தின் பேரில் தன் பிரதித் தலைவராயிருந்த மாத்தையாவுக்கே 1994இல் மரண தண்டனை கொடுத்த தலைமை, தொழுகையில் நின்றவரைச் சுட்டவர்களில் ஒருவரையாவது பகிரங்கமாகத் தண்டித்ததாக எவரும் காட்டவில்லை. காத்தான்குடியைப் புலிகள் தம் செயலென்று ஏற்கவும் இல்லை. 2002 ஏப்ரல் 10இல் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் வடக்கு வெளியேற்றம் பற்றிக் கேட்கப்பட்டபோது, பக்கத்திலிருந்த அன்ரன் பாலசிங்கமே, பழையதை மறந்து மன்னிப்போம் என்ற பொருளில் பதில் சொன்னார். மூன்று நாள் கழித்துப் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் உடன்படிக்கை செய்தார்கள். கிழக்கில் முஸ்லிம்கள் தம் வயல்களைத் தடையின்றிச் செய்யலாம் என்பதும் அதில் ஒன்று. கடதாசியில் நல்ல வாசகம். வயலில் அது முளைக்கவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளிடமும் அவர் கணக்கு உண்டு. சிறுவர் சேர்ப்பில் யுனிசெப் பதிவு செய்த பெயர்கள் ஐயாயிரத்துக்கு மேல். 2004 மார்ச்சில் கருணா பிரிந்தபின், அவ்வாண்டுப் பெரிய வெள்ளிக்கிழமையில் வெருகல் ஆற்றங்கரையில் தமிழ்ப் பிள்ளையைத் தமிழ்ப் பிள்ளை சுட்டது. நாம் திருப்பாடுகளை நினைத்து உபவாசம் இருந்த நாள் அது.

அவரிடம் மதிக்கத்தக்கது ஒன்றுமில்லையா என்றால், உண்டு. தன்னைப் பின்பற்றியோரிடம் கேட்ட விலையைத் தன் வீட்டுக்கு விலக்கிவைக்கவில்லை. மூத்த மகன் போரில் மடிந்தார். பன்னிரண்டு வயது இளையவன் கொல்லப்பட்டான். அந்தப் பாலகனின் மரணம் எந்தச் சட்டத்திலும் குற்றமே. ஆனால் தியாகம் என்பது செய்தவரின் துணிவுக்குத்தான் சாட்சி. மற்றவருக்கு இழைத்ததை அது கழுவாது. வன்னியின் கடைசி மாதங்களில் ஓடித் தப்ப முயன்ற தம் மக்களையே புலிகள் சுட்டார்கள் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. அதே குழு, இறந்த பொதுமக்களில் பெரும்பாலானோர் அரசின் ஷெல் வீச்சில் இறந்தார்கள் என்றும் கூறியது. ஒரு வசனத்தை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களை நாம் நிறையவே பார்த்துவிட்டோம். உடும்பன்குளத்தைக் காத்தான்குடியில் கழிக்க முடியாது. காத்தான்குடியை வீரமுனையில் கழிக்கவும் முடியாது. கடைக்காரரின் கொப்பியில்கூட ஒருவர் கடனை மற்றவர் பெயரில் வெட்டுவதில்லை.

தெற்கிலும் இந்தக் கேள்வி உண்டு. ரோகண விஜேவீரவை ஆண்டுதோறும் நவம்பரில் நினைவுகூருகிறார்கள், ஜே.வி.பி. 1987 முதல் 89 வரை கொன்றவர்களின் குடும்பங்களும் அதே நாட்டில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கட்சி பிழைத்திருந்தது. அதன் தலைவராக வந்த அநுர குமார திசாநாயக்க 2014இல் பிபிசி செவ்வியொன்றில் அந்நாட்களின் கொலைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். போதுமா போதாதா என்பது வேறு பேச்சு. கேட்க ஓர் ஆள் இருந்தார். புலிகளுக்கு அப்படி ஆள் இல்லை. மேடையில் அவர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கிறவர்கள் அவர் கடனையும் தலையில் ஏற்க முன்வருவதில்லை. "புட்டும் தேங்காய்ப்பூவும்" என்று பேசி மாலை போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஆகவே கடன் இப்போது எங்கே இருக்கிறது? வயலில் இருக்கிறது. போர்க்காலத்தில் முஸ்லிம் உழவர் மேற்கு வட்டைகளுக்குப் போக முடியவில்லை. போனவர் புலிகளுக்கு வரி கட்டினார். தமிழ் உழவர் அதிரடிப்படை முகாமைத் தாண்ட முடியாமல் காணியைக் காடாக விட்டார். வாடிகள் எரிந்தன, உறுதிகள் தொலைந்தன, வரப்புகள் நகர்ந்தன. பத்து ஆண்டு தடையின்றி ஆண்டவருக்கே காணி என்ற காலவிதிப்புச் சட்டத்துக்கு 2016இல் விசேட ஏற்பாடு ஒன்று வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்காட அது இடம் தந்தது. அதற்கும் இரண்டு ஆண்டுக் கெடு. அதிலும் ஆயுதக் குழுவின் நடவடிக்கையால் காணியை இழந்தவர் என்றே எழுதியிருந்தார்கள். இராணுவத்துக்குப் பயந்து ஓடியவரை அந்தச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. வட்டமடுவில் முஸ்லிம் வயல்காரரும் தமிழ் மாட்டுப் பட்டிக்காரரும் வன இலாகாவும் பட்ட இழுபறியை எமது வாசகர்கள் அறிவார்கள்.

உறுதி எரிந்தவருக்கு மிஞ்சியிருப்பது பக்கத்துக் காணிக்காரரின் சத்தியக்கடதாசிதான். "இந்தக் கண்டத்தை 1990க்கு முன் இன்ன முஸ்லிம் குடும்பம் செய்தது, என் கண்ணால் கண்டேன்" என்று ஒரு தமிழ் உழவர் எழுதிக் கொடுக்கலாம். "நாங்கள் இப்போது விதைப்பது தமிழ்ப் போடியார் ஒருவரின் காணி" என்று ஒரு முஸ்லிம் உழவர் எழுதிக் கொடுக்கலாம். அவரவர் ஊரில் இதற்குப் பேச்சு விழும் என்பதும் எமக்குத் தெரியும். சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் கையொப்பமிட்டால் சரி. அந்த எல்லைகளைக் கண்ணால் கண்டவர்களில் பலருக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது.