கணிப்பொறிப் பூத்தையல்: படத்திலிருந்து துணிக்கு

லக்னோவின் சிக்கன் பூவேலையில், துணி முதலில் அச்சுக்காரரிடம் செல்கிறது. மரக்கட்டையில் செதுக்கிய கொடியையும் மலரையும், சலவையில் மறைந்துவிடும் நீலச் சாயத்தில் அவர் அதன்மீது பதிக்கிறார். அந்தக் கோடு ஒரு வழிகாட்டி மட்டுமே. துணி எவ்வளவு மெல்லியது, நூலை எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்பனவற்றைத் தைக்கும் பெண்மணி தம் விரல்களாலேயே அறிந்து முடிவு செய்கிறார்.

கணிப்பொறியால் இயங்கும் பூத்தையல் இயந்திரத்தில் இந்த முடிவுகள் யாவும் ஊசி இறங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இயந்திரம் படத்தைப் பார்ப்பதில்லை. ஊசி அடுத்து எங்கே இறங்க வேண்டும் என்ற எண்களையே படிக்கிறது. பரவலாக வழங்கும் டி.எஸ்.டி. வகைக் கோப்பில் ஒவ்வோர் அசைவும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. ஊசி நின்ற இடத்திலேயே மேலும் கீழும் செல்ல, துணியைப் பிடித்திருக்கும் சட்டமே இந்த எண்களின்படி நகர்கிறது.

படத்தை எண்களாக்கும் பணி கணிப்பொறிக்கு முந்தியது. சுவிட்சர்லாந்தின் ஐசக் கிரோப்லி 1863இல் உருவாக்கிய ஷிஃப்லி இயந்திரத்தின் வழிவந்த ஆலைகளில், படத்தை ஆறு மடங்கு பெரிதாக்கி வரைந்து, ஒவ்வொரு தையலையும் அதில் குறித்தனர். பின்னர் அவை துளையிட்ட நாடாக்களில் பதியப்பட்டன. நாடா மறைந்த பிறகும் தொழிலில் இந்த வேலைக்குப் ‘பஞ்சிங்’ என்ற பெயர் நிலைத்திருப்பது அதனால்தான்.

படத்தைத் தயாரிப்பதில் முதல் வேலை குறைப்பதாகும். காகிதத்தில் அழகாகத் தோன்றும் நிழலும் மெல்லிய கோடும் நூலில் வாரா. 1 மில்லிமீட்டருக்கும் குறுகிய பகுதியை ஓட்டுத் தையலாக மாற்ற வேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள எழுத்துகள் பெரும்பாலும் குழம்பிவிடும். இலைக் காம்பு, எழுத்து போன்ற ஒடுங்கிய வடிவங்களுக்குச் சாட்டின் தையல் பொருந்தும். ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றால் அதன் நீண்ட இழைகள் தளர்ந்து, எதிலாவது மாட்டிக்கொள்ளும். அகன்ற பரப்புக்கு நிரப்புத் தையலே தக்கது. வழக்கமான 40 எண் நூலுக்கு அதன் வரிசைகளிடையே 0.4 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது மரபு.

புதியவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் துணியின் இழுப்பு. ஒவ்வொரு தையலும் தன் இரு முனைகளையும் உள்நோக்கி இழுக்கிறது. அதற்குக் குறுக்குத் திசையில் துணி வெளியே தள்ளப்படுகிறது. திரையில் வட்டமாக இருந்தது துணியில் முட்டை வடிவமாகிவிடும். ஆகவே வரைபவர் வட்டத்தை வேண்டுமென்றே, தையல் ஓடும் திசையில் சற்று அகலமாக வரைய வேண்டியுள்ளது. மேல்தையலுக்கு முன் மெல்லிய அடித்தையல் இட்டுத் துணியைத் தாங்குதாளோடு பிணைப்பதும் இதற்காகவே. பின்னலாடைக்கு வெட்டியெடுக்கும் தாங்குதாளும், உறுதியான நெய்த துணிக்குக் கிழித்தெடுக்கும் தாளும் ஏற்றவை. துவாலையில் நூல் சுருள்களுக்குள் புதையாதிருக்க, நீரில் கரையும் ஏடு ஒன்றை மேலே விரிப்பார்கள். படத்தைத் தானே தையலாக்கும் மென்பொருள்கள் உள்ளன. ஆனால் எந்தத் துணியில் தைக்கப் போகிறோம் என்பதை யாரேனும் சொன்னாலொழிய அவை அறியமாட்டா.

கணக்கும் கவனத்திற்குரியது. நிமிடத்திற்கு 800 தையல் வேகத்தில், 10,000 தையல் கொண்ட மலர் ஒன்றுக்குப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். நிறம் மாற்றுதலும் நூல் அறுதலும் தனி. இருபது தலை இயந்திரம் அதே நேரத்தில் இருபது மலர்களைத் தருகிறது. வரைந்தவர் பிழை செய்திருந்தால் இருபது துணிகளைக் கெடுக்கிறது. விற்பனைக்குரிய துணியிலேயே ஒரு மாதிரி தைத்துப் பார்க்காமல் பணியைத் தொடங்குவது சிக்கனமன்று. கூலி தையல் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படும் இடங்களில் தேவையற்ற அடர்த்தியைக் கூட்டும் ஆசையும் எழுகிறது. அடர்த்தி மிகுந்தால் துணி அட்டைபோல் விறைக்கும், ஊசியும் முறியும்.

சூரத் போன்ற நகரங்களில் இத்தகைய இயந்திரங்கள் பெருமளவில் இயங்குகின்றன. அவற்றின் மலிவான சரக்கு, வீட்டிலிருந்தே தைக்கும் பெண்களின் கூலியை நெருக்குகிறது. லக்னோ சிக்கன் வேலைக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் கடையில் நிற்பவருக்குக் குறியீட்டைவிடத் துணியின் பின்புறமே தெளிவாகப் பேசும். இயந்திரத் தையலில் மேல்நூலும் பாபின் நூலும் பின்னிப் பூட்டிக்கொள்கின்றன. பின்புறத்தில் சாட்டின் தையலின் நடுவே பாபின் நூல் ஒரு பட்டையாகத் தெரியும். கைவேலையில் ஒரே நூல்தான் இருபுறமும் ஓடுகிறது. நூலை வெட்டாமலே இழைகளை ஊசியால் விலக்கிச் செய்யும் ஜாலி வேலைப்பாடு இந்த இயந்திரத்திற்கு இன்னும் வசப்படவில்லை.

பயிற்சித் திட்டம் வகுப்போர் பெரும்பாலும் கணிப்பொறி தெரிந்த இளைஞர்களையே தேடுகின்றனர். துணியின் இழுப்பை விரலால் அறிந்த கைவினைஞருக்கு மென்பொருளைக் கற்பிக்கச் சில மாதங்கள் போதும். மென்பொருள் அறிந்தவருக்குத் துணியைக் கற்பிக்க அதைவிட நெடுங்காலம் வேண்டும். ஆயினும் சேர்க்கை விதிகளில் பள்ளிச் சான்றிதழ் கேட்கப்படும்போது, முதலில் வெளியே நிற்பவர் அந்தக் கைவினைஞரே.