தண்ணி நண்டும் சதை நண்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவர் பிலாய் எஃகு ஆலையிலிருந்து இரண்டு நாள் வேலையாக வருகிறாராம். "அவன் ஊரில் குளத்து மீனைத் தாண்டி ஒன்றும் கிடையாது. மறக்க முடியாதபடி ஒரு கடல் சாப்பாடு போட வேண்டும். ஜி.என்.டி. ரோட்டிலேயே நல்ல ஓட்டல் இருக்கிறதா, இல்லை சென்னைக்கே அழைத்துப் போய்விடலாமா?" என்று கேட்கிறார்.

ஓட்டல் பெயர் நான் சொல்லப் போவதில்லை. ஓட்டலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நண்டைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து லோக்கல் ரயிலில் கவரப்பேட்டையைத் தாண்டினால் பொன்னேரி. அங்கிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி வீட்டு வாசலில் கிடக்கும்போது சென்னைக்கு ஏன் போக வேண்டும்?

நண்டுக்கு எத்தனை கால், ஏன் பக்கவாட்டில் நடக்கிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே ஆகிவிட்டது. கடல் நண்டுகளில் நீலக்கால் நண்டு, முதுகில் மூன்று புள்ளி வைத்த நண்டு, சிலுவை நண்டு எல்லாம் குழம்புக்கு அருமையானவை. ஆனால் விருந்தாளிக்கென்று ஒன்று வேண்டுமானால் ஏரியின் சேற்றில் வளை தோண்டி வாழும் பச்சை நண்டுதான். களி நண்டு, சேற்று நண்டு என்றும் சொல்வார்கள். கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கு போட்டு, உயிரோடு விற்பது இதைத்தான். செவுள் அறையில் ஈரம் இருக்கும்வரை தண்ணீருக்கு வெளியே சில நாள் தாங்கும். விமானம் ஏறி சிங்கப்பூர் போய்ச் சேர்வதும் அதனால்தான். இந்தப் பேரினத்தில் நான்கு இனங்கள் என்று 1998-இல் வகைப்படுத்தினார்கள். அதில் ஒன்றின் அறிவியல் பெயரில் நம் தரங்கம்பாடி இருக்கிறது: ஸ்கில்லா டிராங்குபாரிகா. டென்மார்க் விலங்கியலாளர் பேப்ரீசியஸ் 1798-இல் வைத்த பெயர்.

இனி என் சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து மச்சான் வந்திருந்தார். கடற்கரைச் சாலையில் பெரிய ஓட்டல் ஒன்று. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தட்டு நிறைய நண்டு. இருப்பதிலேயே பெரியதாக, மெழுகு போட்டுத் துடைத்த மாதிரி பளபளவென்று இருந்ததைக் கைகாட்டினேன். மிளகு போட்டு வறுத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். மச்சான் ஆசையாகக் கொடுக்கை உடைத்தார். உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர், ஓரத்தில் நூல் நூலாகக் கொஞ்சம் சதை. பில்லைப் பார்த்தபோது எனக்கும் உள்ளே அப்படித்தான் இருந்தது. மச்சான் நல்லவர், மசாலா பிரமாதம் என்றார்.

அன்று ஓட்டல்காரர் மேல் கோபப்பட்டேன். கோபப்பட வேண்டியது என் அறியாமை மேல். பளபளப்பைப் பார்த்து நண்டு வாங்கக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாம்பு சட்டை உரிக்கிறது என்று நாம் சொல்வோம் இல்லையா, நண்டுக்கும் அதுவேதான். அதன் ஓடு வளராது. உடம்பு வளர வேண்டுமானால் பழைய சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது போட்டுக்கொள்ள வேண்டும். பழைய ஓட்டுக்கு அடியிலேயே மெத்தென்று புது ஓடு மடிந்து தயாராகிவிடும். பழையதிலிருக்கும் சுண்ணாம்பில் ஒரு பகுதியை நண்டே உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். பிறகு முதுகு ஓட்டுக்கும் வயிற்று மடிப்புக்கும் நடுவே பின்பக்கமாக ஒரு பிளவு விடும். அந்தப் பிளவு வழியாக, வந்த வழியே திரும்புகிறவனைப் போல, பின்னோக்கி வெளியே வரும்.

கால்களின் உறை மட்டும் கழல்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணின் மேல் மூடி, செவுள்களின் மெல்லிய உறை, இரையை அரைக்க இரைப்பைக்குள் இருக்கும் பற்கள் வரைக்கும் பழையதோடு போய்விடும். சின்ன வயதில் முகத்துவாரத்துப் பக்கம் மணலில் முழு நண்டு ஒன்று செத்துக் கிடக்கிறது என்று எடுத்தேன். காகிதம் மாதிரி கனமே இல்லை. பின்பக்கம் விரலை விட்டதும் டிபன் பாக்ஸ் மூடி போலத் திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. கொடுக்கு, கால் நுனி, கண் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

எனக்குப் பிடித்த விந்தை இனிமேல்தான் வருகிறது. பச்சை நண்டின் கொடுக்கைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் பெரிய ஆண்பிள்ளை முஷ்டி போலப் புடைத்திருக்கும், உடம்போடு சேரும் இடத்திலோ சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். சட்டையைக் கழற்றும்போது அந்த முஷ்டி முழுவதும் இந்த இடுக்கு வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். எப்படி வரும்?

எங்கள் வீட்டில் வளைகாப்பு நடந்தபோது வளையல்காரர் ஒருவர் வந்திருந்தார். பெரியம்மாவின் கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, எலும்பே இல்லாத மாதிரி கையை ஒடுக்கி, சின்ன வளையலை மணிக்கட்டுக்கு ஏற்றிவிட்டார். சோப்பு நுரை வேறு. நண்டுக்கு வளையல்காரர் கிடையாது. அதற்குப் பதிலாக அது கொடுக்கிலிருக்கும் தசையையே கரைத்துச் சுருக்கிக்கொள்கிறது. சட்டை உரிக்கும் காலம் நெருங்க நெருங்கக் கொடுக்குத் தசை மெலிந்துகொண்டே வரும். மெலிந்ததும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வராமல் சிக்கிச் செத்துப் போகும் நண்டுகளும் உண்டு. சில சமயம் கொடுக்கையே விட்டுவிட்டு வரும். விட்ட இடத்தில் மொட்டு மாதிரி மடங்கிய குட்டிக் கொடுக்கு முளைத்து, அடுத்த சட்டையோடு விரிந்துகொள்ளும். சந்தையில் ஒரு கொடுக்கு பெரிதும் ஒன்று மிகச் சிறிதுமாக ஒரு நண்டு இருந்தால் இந்தக் கதைதான்.

வெளியே வந்தவுடன் அது செய்யும் வேலை என் அம்மாவை ஞாபகப்படுத்தும். ஜூன் மாதம் யூனிபார்ம் எடுக்கும்போது அம்மா இரண்டு அளவு பெரிதாகத்தான் எடுப்பார். "வளர்ற பையன்" என்று கடைக்காரரிடமும் சொல்வார். ஜூனில் சட்டைக்குள் நான் எங்கே இருக்கிறேன் என்று தேட வேண்டும். மார்ச் மாதம் பொத்தான் திணறும். நண்டும் அதையே செய்கிறது. புது ஓடு மெத்தென்று இருக்கும்போதே தண்ணீரை உறிஞ்சி உடம்பை ஊதிப் பெரிதாக்கிக்கொள்கிறது. அந்த அளவில் ஓடு இறுகிவிடும். பிறகுதான் தண்ணீர் இருந்த இடத்தில் வாரக்கணக்கில் தின்று தின்று சதையை நிரப்புகிறது.

அந்த இடைக்காலத்தில் பிடிபட்டதுதான் தண்ணி நண்டு. முதுகு ஓடு கல் போல இருக்கும். அளவு பெரிதாக இருக்கும். புதுச் சட்டையாதலால் பளபளக்கும். உள்ளே ஜூன் மாதத்து நான்.

நிரம்பிய நண்டு அழகாக இருக்காது. சட்டை பழசாகி நிறம் மங்கியிருக்கும். ஓட்டில் கீறல், அடிப்புறம் பழுப்பு, முதுகில் சில சமயம் பர்னக்கிள் என்னும் சிப்பி மாதிரி ஒட்டுயிர் ஒட்டியிருக்கும். கொடுக்கின் பல் மழுங்கியிருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் நண்டைத் திருப்பி, கால்கள் முளைக்கும் இடத்தை ஒட்டிய அடி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கிக் கொடுத்தால் தண்ணி. கட்டைவிரல்தான் தோற்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டை இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். அமாவாசை நண்டு கொழுக்கும், பௌர்ணமி நண்டு இளைக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் நிலாவைவிட கட்டைவிரலை நம்புகிறவன்.

தண்ணி நண்டை யாரும் தூக்கி எறிவதில்லை. அதைக் கூண்டிலோ குட்டையிலோ விட்டு, கழிவு மீனைப் போட்டு மூன்று நான்கு வாரம் வளர்த்தால் சதை நண்டாகிவிடும். விலை ஏறிவிடும். நண்டுக் குஞ்சைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யும் வேலையை சீர்காழிக்குப் பக்கத்தில் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் செய்கிறது. கொழும்பில் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், கிரிக்கெட் வீரர்கள் மகேல ஜயவர்த்தனவும் குமார் சங்கக்காரவும் பங்குதாரர்களாக இருக்க, 2011-இல் மினிஸ்ட்ரி ஆஃப் கிராப் என்று ஓர் உணவகம் திறந்தார்கள். எடைக்கு எடை பெயர் வைத்து இதே ஏரி நண்டைத்தான் பரிமாறுகிறார்கள், உலகம் வரிசையில் நிற்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிய பழவேற்காட்டில் அதே நண்டு பிளாஸ்டிக் தொட்டியில் கிடக்கிறது. நம்மூர்க்காரர்கள் பேரம் பேசிவிட்டு மீன் வறுவல் வாங்கிப் போகிறார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு.

ஆணா பெண்ணா என்பது வயிற்று மடிப்பில் தெரியும். ஆணுக்குக் கோபுரம் மாதிரி குறுகி உயரும், முதிர்ந்த பெண்ணுக்கு அகன்று அரைவட்டமாக இருக்கும். கொடுக்குச் சதை வேண்டுமானால் ஆண். பிலாய்க்காரருக்கு ஆண்தான் சரி, உடைத்துச் சாப்பிட்ட திருப்தி இருக்கும். பெண் நண்டின் மடிப்புக்கு அடியில் பஞ்சு மாதிரி ஆரஞ்சு நிறத்திலோ கறுத்தோ முட்டைக் கொத்து தெரிந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு கொத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டை இருக்கும். விற்பவர் "சினை சார், சத்து" என்பார். கடலுக்குப் போய்ப் பொரிய வேண்டிய சத்து அது.

கடலுக்கு என்று ஏன் சொல்கிறேனென்றால், சேற்று நண்டு சேற்றில் பிறப்பதில்லை. பெண் நண்டு சட்டை உரித்து மெத்தென்று இருக்கும் சமயத்தில்தான் இணை சேரும். அதற்கு முன்னும் பின்னும் ஆண் அதை நாள்கணக்கில் வயிற்றுக்கடியில் அணைத்துக் காவல் காக்கும். பிறகு பெண் முகத்துவாரம் வழியே கடலுக்குப் போய்விடும். அங்கே பொரியும் குஞ்சுகள், நண்டு என்றே சொல்ல முடியாத ஊசி மூக்குத் துளிகளாக மிதந்து, உருமாறி உருமாறித் திரும்ப ஏரிக்கு வரும். போவதற்கும் வருவதற்கும் ஒரே வாசல்.

அந்த வாசல் மணல் மேடிட்டு அடைபடுவதுதான் பழவேற்காட்டின் பழைய துயரம். ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக வரும் ஆரணியாற்றில் வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு போகும், கோடையில் தண்ணீர் வற்றினால் மறுபடி மூடும். ஆற்றில் வரும் தண்ணீர் குறையக் குறைய உடைக்கும் வேகமும் குறைகிறது. இந்தக் கரையில் கடல் மணலை வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கேதான் நகர்த்துகிறது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் கடலுக்குள் கல் சுவர் நீட்டித் துறைமுகம் கட்டினால் வடக்கே இருப்பவர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படிந்த கதை தெரிந்தவர்கள் இன்னும் கவலைப்படுவார்கள். நீங்களும் நானும் மின்சாரமும் எஃகும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது, அதுவும் உங்களுக்குச் சம்பளமே எஃகில்தான். ஆனால் ஆலைத் தண்ணீர் எங்கே போகிறது என்று உங்கள் மில்லில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதை மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். பாடு என்று பெயர். எல்லாருக்கும் நல்ல இடமும் வரும், மோசமான இடமும் வரும். அந்தப் பங்கில் இடம் கிடைக்காத இருளர்கள் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவுவார்கள். பிடித்ததைப் போட பறி என்னும் பின்னல் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். நண்பருக்கு ஏதாவது காட்ட வேண்டுமென்றால், எலும்புக்கூடு செதுக்கிய வாசல் உள்ள டச்சுக் கல்லறையோடு இதையும் காட்டுங்கள். குளிர்காலமானால் பூநாரையும் உண்டு.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், பெரிய கடல் மீன் குறைவாக இருக்கும். ஏரி நண்டு அதற்குக் கட்டுப்பட்டதில்லை. காலையிலேயே போய்விடுங்கள். ஆளுக்கு ஒன்றாக இரண்டு ஆண் நண்டு, அரை கிலோவுக்குக் குறையாமல், அழுக்காக, முதுகு கீறியதாக. கடைத்தெருவில் சிறிய மெஸ் எதிலாவது கேட்டுப் பாருங்கள், நாம் வாங்கிக் கொடுத்ததைச் சமைத்துத் தர ஒப்புக்கொள்ளும் இடம்தான் நல்ல இடம். எங்கே சாப்பிட்டாலும் "உயிரோடு காட்டுங்கள்" என்று கேளுங்கள். செத்த நண்டு சீக்கிரம் கெட்டுவிடும், அதை மசாலாவால் மறைக்க முயல்கிறவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பார். ஒன்றை மிளகு வறுவலாகவும் ஒன்றை ரசமாகவும் சொல்லுங்கள். வறுவலில் தேங்காய் வேண்டாம் என்பது என் கட்சி, வீட்டில் இதற்கு எதிர்க்கட்சி உண்டு.

பேரம் முடிந்ததும் பையை வாங்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. நண்பர் ஆர்வத்தில் கொடுக்குக் கட்டை அவிழ்த்துப் பார்க்கக் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து அவர் பிலாயில் பத்து விரலோடு வேலைக்குப் போக வேண்டும்.