குளத்துக்குள் ஹாலோ பிளாக்

தோட்டத்துக் குளத்தில் அல்லிச் சட்டியை நிறுத்த ஹாலோ பிளாக் நல்ல மலிவான வழிதான். ஆனால் புது பிளாக்கை அப்படியே இறக்கினால் மீன் செத்து மிதக்கும். காரணம் நம்ம சிமென்ட்! அது நீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு, உண்டாகிறது. கொஞ்சத் தண்ணீரில் அது கரைந்தால் பி.எச். 12 வரைகூட ஏறும்; மீனுக்கு 6.5 முதல் 8.5தான் தோது.

"28 நாள் க்யூரிங் ஆச்சே" என்பீர்கள். அது வலுவுக்கான கணக்கு. சுண்ணாம்பு உள்ளேயேதான் இருக்கும். தனித் தொட்டியில் ஊறப்போட்டு, அடிக்கடி தண்ணீரை மாற்றணும். அந்தத் தண்ணீரில் நம்ம லேப் பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விடுங்கள். பிங்க் வந்தால் இன்னும் ஊறட்டும். வினிகர் தடவினால் மேற்பரப்பு மட்டுமே அடங்கும். வெயில் மழையில் கிடந்த பழைய பிளாக் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். எண்ணெய், பெயிண்ட் பட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.