தொப்புள்கொடி: ஒரு நிமிடம் பொறுக்கலாமா?

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே கட்டி வெட்டிவிட வேண்டுமா? குறைந்தது ஒரு நிமிடம் பொறுக்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அந்நேரத்தில் நஞ்சுக்கொடியில் உள்ள இரத்தம் குழந்தையைச் சேர்கிறது. அதிலுள்ள இரும்புச்சத்து பல மாதங்களுக்கு உதவும்.

தாய்க்கு இனிப்புநீர் இருந்தால்? தாயின் சர்க்கரை மிகும்போது கருவிலுள்ள குழந்தை அதிக இன்சுலின் சுரக்கிறது. பிராணவாயுத் தேவையும் கூடுகிறது. ஈடுகட்டச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. சில குழந்தைகளுக்கு இரத்தம் தடித்து, மஞ்சள் காமாலை வரலாம். ஆனால், சிவப்பணுக்களுக்கே இரும்பு செலவாவதால் உடலில் அதன் சேமிப்பு குறையவும் கூடும். ஆகவே பொறுப்பதில் நன்மையும் உண்டு. பிறகு கண்காணிப்பும் வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மார்களே, பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பேசிவிடுங்கள். மூச்சுவிடத் திணறும் குழந்தைக்குச் சிகிச்சையே முதலில். மற்றபடி, ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். குழந்தையின் சர்க்கரை அளவையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.