வெயில் வருமுன் ஒரு தீர்மானம்



புயல் வருதுன்னு டி.வி.யில் சொன்னால் அரிசி, மெழுகுவத்தி எல்லாம் எடுத்து வைக்கிறோம். வெயிலுக்கு மட்டும், "வருஷா வருஷம் அடிக்கிறதுதானே, பழகிப்போச்சு" என்று இருந்துவிடுகிறோம். ஆனால் வெயிலும் உயிரைப் பறிக்கும்.

குஜராத்தில் உள்ள அகமதாபாத் நகரில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். பிறகு 2013-ல் அந்த மாநகராட்சி ஒரு வெப்பச் செயல்திட்டம் போட்டது. கடும் வெயில் வரப்போகிறது என்று தெரிந்ததுமே மக்களுக்குச் சொன்னார்கள். குடிதண்ணீருக்கு ஏற்பாடு செய்தார்கள். ஆஸ்பத்திரிகளைத் தயாராக வைத்தார்கள். இதனால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக 2018-ல் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

நம் தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. பணம் வரும், போன உயிர் வருமா? அதனால் முன்கூட்டியே செய்வதுதான் முக்கியம்.

மாசி மாதக் குழுக் கூட்டத்திலேயே இவற்றைப் பேசி முடிவு செய்வோம்:

1. தனியாக இருக்கும் வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சூளை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் யார் யார் என்று எழுதுவோம். ஆளுக்கு இரண்டு வீடு பொறுப்பு.

2. வானிலை அறிவிப்பைக் கவனிக்க ஓர் உறுப்பினர். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார், சிவப்பு என்றால் உடனே செயல். அறிவிப்பு வந்த அன்றே வீடு வீடாகச் சொல்லிவிட வேண்டும்.

3. மதியம் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வேண்டாம். விடியற்காலையே தொடங்கலாமா என்று மேஸ்திரியிடம் இப்போதே பேசுவோம்.

4. உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்க எல்லோரும் பழகுவோம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எல்லாம் தலை தட்டி அளக்கணும்.

உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதம். உடனே 108-க்குப் போன் போடுங்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சேமிப்புக்கும் கடனுக்கும் தீர்மானம் எழுதுகிறோமே, இந்தத் தடவை வெயிலுக்கும் ஒரு தீர்மானம் எழுதுவோம்!