யாத்திரை போன தகப்பனார்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், "என் தகப்பனார்" என்னும் தலைப்பில் பத்து வரிகள் எழுதும்படி வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ராஜபாளையத்திலிருந்து தினந்தோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிச் சென்று பாடம் சொல்லும் உபாத்தியாயன் நான். இரண்டு ஊருக்கும் இடையே ஏழு மைல் தூரந்தான். அந்த ஏழு மைலையே ஒரு பெரும் பிரயாணமாகப் பாவித்து, வீட்டிற்கு வந்ததும் அலுத்துக் கொள்வது என் வழக்கம். அன்று ஒரு பையன் எழுதியிருந்த முதல் வரி என் அலுப்பை அடக்கிவிட்டது. "என் அப்பா எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருகிற விருந்தாளி" என்று அவன் ஆரம்பித்திருந்தான்.

விசாரித்ததில், அவனுடைய தகப்பனார் நூற்பாலைகளுக்குப் பஞ்சு கொள்முதல் செய்யும் காரியமாக வடக்கே போய் வருகிறவர் என்று தெரிந்தது. 1936-ல் ராஜபாளையம் மில் ஏற்பட்டது முதலாக எங்கள் ஊர் நூலை நம்பி வளர்ந்த ஊர். ஆனால் நூற்கும் ஊர் ஒன்று, பஞ்சு விளையும் ஊர் வேறு. பஞ்சாபில் பட்டிண்டாப் பக்கத்தில் பருத்தி எடுக்கும் காலமோ நமக்குப் புரட்டாசி முதல் கார்த்திகை வரை. தீபாவளியும் தீபமும் அந்த மாதங்களில்தாம் வந்து தொலைய வேண்டுமா என்று அந்த வீட்டு அம்மாள் நினைத்தால் அதில் ஆச்சரியமில்லை.

ஒரு வருஷம் குருநானக் ஜயந்தியன்று அந்த மனிதர் பட்டிண்டாவில் ஒரு குருத்துவாராவில் தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டாராம். பக்கத்தில் ஒரு பஞ்சு வியாபாரி. மறுபக்கத்தில் அந்த வியாபாரியின் மூட்டை தூக்குகிறவன். பரிமாறியவர் ஊரில் பெரிய பணக்காரர். அந்தக் காட்சி மனத்தில் தைத்துவிட்டது. அது முதல், ஊரில் இருக்கும் வருஷங்களில் அந்தப் பௌர்ணமியன்று வீட்டு வாசலில் பந்தி விரித்து, வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டு, தாமும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். பையனுக்கு இதில் பெருமை சொல்லி முடியாது. பெருமையோடு ஒரு சந்தேகமும் கேட்டான்: "குருநானக்கும் ஊர் ஊராய்ப் போனவர்தானே, சார்? அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா? அவர்கள் என்ன செய்தார்கள்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பினேன். சரித்திரப் பாடத்தில் நாம் குருநானக்கைப் பற்றி நடத்துவது நாலு வரி. அந்த நாலு வரியில் மனைவி மக்களுக்கு இடமில்லை.

நானக் 1469-ல் தல்வண்டி என்னும் கிராமத்தில் பிறந்தார். இன்று அது நன்கானா சாகிப் என்ற பெயருடன் பாகிஸ்தானில் இருக்கிறது. தகப்பனார் காலு கிராமக் கணக்கர். மகன் உத்தியோகத்தில் நிலைக்க வேண்டும் என்ற கவலை எந்தக் கணக்கருக்கும் உள்ளதுதானே? அக்காள் நானகியின் கணவர் சுல்தான்பூரில் தௌலத்கான் லோடியின் ஊழியத்தில் இருந்தார். அவருடைய சிபாரிசில் நானக்குக்கு அரசாங்கத் தானியக் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. மனைவி சுலக்கணி, பிள்ளைகள் ஸ்ரீசந்த், லக்ஷ்மிதாஸ் என இருவர். சம்பளம், வீடு, குழந்தைகள் எல்லாம் அமைந்துவிட்டன. அப்படி அமைந்த பிறகுதான், முப்பது வயதை ஒட்டி, எல்லாவற்றையும் விட்டு அவர் யாத்திரை புறப்பட்டார். கூடப் போனவர் ரபாப் வாத்தியம் வாசிக்கும் மர்தானா என்ற முஸ்லிம் நண்பர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த அலைச்சல். தெற்கே ராமேசுவரத்திற்கும் இலங்கைக்கும் வந்தார் என்பது சீக்கியர்களின் பரம்பரைச் செய்தி. அவர் நினைவாக ராமேசுவரத்தில் ஒரு குருத்துவாரா உண்டு.

ஜன்மசாகிகள் எனப்படும் பழைய வரலாறுகள் அவர் காலத்திற்குப் பின் எழுதப்பட்டவை. அவற்றில் உள்ளதெல்லாம் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆயினும் அவற்றை எழுதியவர்கள் வீட்டார் பட்ட கஷ்டத்தை மூடி மறைக்கவில்லை என்பதை நான் மிகவும் மெச்சுகிறேன். பிள்ளைகளைப் பெற்றுவிட்டு இப்படித் திரியலாமா என்று மாமியார் வந்து சண்டை பிடிக்கிறாள். பல வருஷம் கழித்து நானக் தம் கிராமத்தின் அருகே வந்தும் உள்ளே போகாமல் வெளியிலேயே தங்கிவிடுகிறார். ஊருக்குள் சென்ற மர்தானா வாய் திறக்காமல் திரும்புகிறார். தாயார் திரிபதை பின்னாலேயே வந்து, மகனைக் கண்டு கட்டிக் கொண்டு அழுகிறாள். கையில் துணியும் தின்பண்டமும் கொண்டு வந்திருக்கிறாள்! தகப்பனாரும் குதிரையேறி வந்து வீட்டுக்கு அழைக்கிறார். பிள்ளை வரவில்லை, மறுபடியும் நடந்துவிடுகிறார்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. கடைசியில் ராவி நதிக்கரையில் கர்த்தார்பூர் என்ற ஊரை அமைத்து, யாத்திரை உடையைக் களைந்துவிட்டுக் குடியானவர் உடையில், மனைவி மக்களோடு, ஏரோட்டிப் பிழைத்தார் குருநானக். உழைத்துச் சாப்பிடு, இறைவன் நாமத்தை நினை, இருப்பதைப் பகிர்ந்து கொள் என்று மற்றவர்களுக்குச் சொன்னதை அங்கே தாமே செய்து காட்டினார். காடு சென்றால்தான் கதி என்று அவர் சொல்லவில்லை. இன்று உலகெங்கும் குருத்துவாராக்களில் எரியும் லங்கர் அடுப்பு அந்தக் குடியானவர் வீட்டு அடுப்புத்தான். 1924-ல் வைக்கம் சத்தியாக்கிரகத்தின்போது பஞ்சாபிலிருந்து அகாலிகள் அத்தனை தூரம் வந்து அங்கே இலவசச் சமையற்கூடம் நடத்தினார்கள். வெளி உதவி கூடாது என்று காந்தியடிகள் கருதியதால் அது மூடப்பட்டது என்பது வேறு சமாசாரம்.

பிள்ளைகள்? அவர்கள் தகப்பனார் சொல்லைக் கேட்கவில்லை என்று பாய் குருதாஸ் என்ற சீக்கியப் புலவரே எழுதி வைத்திருக்கிறார். சேறு சொட்டும் புல்கட்டைத் தூக்கச் சொன்னபோது பிள்ளைகள் விலகிக் கொண்டார்களாம். லெஹ்ணா என்ற சீடர் தம் நல்ல உடையோடு தலையில் ஏற்றிக் கொண்டாராம். 1539-ல் அந்த லெஹ்ணாவுக்கே அங்கதர் என்று பெயரிட்டுத் தம் ஸ்தானத்தைக் கொடுத்துவிட்டுக் குரு காலமானார். மூத்த மகன் ஸ்ரீசந்த், தந்தை கைவிட்ட துறவையே தாம் மேற்கொண்டு உதாசி மரபின் மூலபுருஷர் ஆனார். இளையவர் இல்லறத்தில் இருந்தார். தந்தை வீட்டில் இல்லாத வருஷங்கள் இதற்குக் காரணமா? சரித்திரம் விடை சொல்வதில்லை. எனக்கு மட்டும் அந்தச் சந்தேகம் போகவில்லை.

ஒன்பதாவது குருவான தேக்பகதூரின் நிலையும் இப்படியே. கர்ப்பிணியான மனைவி குஜரியைப் பாட்னாவில் விட்டுவிட்டு அவர் கீழ்த்திசைப் பிரயாணம் போனார். 1666-ல் மகன் கோவிந்தர் பிறந்த செய்தி வங்காளத்தில் இருந்த அவருக்குப் போய்ச் சேர்ந்தது. மகனின் முகத்தைக் கண்டது சில வருஷங்கள் கழித்துத்தான். 1675-ல் டில்லியில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டபோது பிள்ளைக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து கொண்டு இதை எழுதும்போது பெரியாழ்வாரை எப்படி மறப்பது? நந்தவனமே உலகமென்று வீட்டிலேயே இருந்தவர் அவர். அங்கே பிரயாணம் போனவள் மகள். ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பி வரவேயில்லை.

மறுநாள் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். குருநானக் ஜயந்திக்குச் சில நாட்கள் முன்பிருந்தே சீக்கியர்கள் விடியற்காலையில் பாடிக் கொண்டு வீதிவலம் வருவதைச் சொன்னபோது, "நம்ம ஊர் மார்கழி பஜனை மாதிரியா, சார்?" என்றான். நாற்பத்தெட்டு மணி நேரம் இடைவிடாமல் கிரந்த சாகிப் வாசிப்பார்கள் என்றேன். நடுவில் தூங்கிவிட்டால் என்ன செய்வார்கள் என்றான். ஆள் மாற்றி ஆள் வாசிப்பார்கள் என்று சமாதானம் சொன்னேன். புல்கட்டுக் கதையில் மட்டும் அவனுக்குத் திருப்தியில்லை. "அப்பா கூடவே இருந்திருந்தால் தூக்கியிருப்பார்கள்" என்று தீர்ப்புக் கூறினான்.

அந்த ஜயந்தியும் நம் கார்த்திகைத் தீபமும் சில வருஷங்களில் அடுத்தடுத்த நாளில் வரும். சில வருஷங்களில் ஒரு மாதம் தள்ளிவிடும். அடுத்த முறை தள்ளி வந்தால் அப்பா எதற்கு வருவார் என்று கேட்டேன். "அம்மா தீபத்துக்கு வரச் சொல்லுகிறாள். நான் பந்திக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் வருவதாக அப்பா சொல்கிறார், ரயிலில் இடம் கிடைக்க வேண்டும், சார்" என்று சொல்லிவிட்டு நோட்டை வாங்கிக் கொண்டு போனான். பத்து வரி கேட்டதற்கு ஏழு வரிதான் எழுதியிருந்தான். மிச்சம் மூன்று வரியை நான் கேட்கவில்லை.